ஜிலேபியும் ட்ரௌட்டும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். எனக்குச் சொந்த ஊர் காவேரிப்பட்டணம். பதினோரு ஆண்டு இங்கிலாந்தில், பிரிஸ்டல் பக்கம் வேலை பார்த்துவிட்டு, போன மே மாதம் குடும்பத்தோடு ஊருக்கே வந்துவிட்டோம். மகளுக்கு எட்டு வயது. பிறந்தது, வளர்ந்தது எல்லாம் அங்கேதான்.

அங்கே எங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரத் தொலைவில் ஒரு நீர்த்தேக்கம். அவளுடைய ஐந்து வயதிலிருந்து மாதம் இரண்டு சனிக்கிழமை அங்கே ட்ரௌட் மீன் பிடிக்கப் போவோம். சீட்டு வாங்க வேண்டும், கரையில் நமக்கென்று ஓர் இடம் பிடித்துக்கொள்ள வேண்டும், ஃபிளாஸ்கில் சூடாக ஏதாவது எடுத்துப்போக வேண்டும். மீன் மாட்டினால் அவள் கையை நனைத்துக்கொண்டு பிடிப்பாள், அளப்பாள், திரும்ப நீரில் விடுவாள். ஒரு நோட்டில் எழுதியும் வைப்பாள்.

இங்கே வந்த இரண்டாம் வாரமே கே.ஆர்.பி. அணைக்கு, அதாவது நம் கிருஷ்ணகிரி அணைக்கு, அழைத்துப் போனேன். கரையில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த பையன்கள் அவளையும் சேர்த்துக்கொண்டார்கள். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஜிலேபி மீன் மாட்டியது. வழக்கம்போல அதை நீரில் விட்டாள். பையன்கள் சிரித்த சிரிப்பில் அழுதுவிட்டாள். “இங்க ஏம்ப்பா ட்ரௌட் இல்ல?” என்று வழியெல்லாம் கேட்டாள். வீட்டுக்கு வந்தால் என் அப்பா, “பொம்பளப் புள்ளைய ஏரி ஏரியா தூண்டில் போடவா ஊருக்குக் கூட்டியாந்த?” என்கிறார்.

பிடித்த மீனை விடுவது தவறா? நம் மாவட்டத்தில் அவளை எங்கே அழைத்துப் போகலாம்? உங்கள் மகனோடு அணைக்குப் போன கதைகளை முன்பு எழுதியிருந்தீர்கள், அந்த உரிமையில் கேட்கிறேன்.

ச.

அன்புள்ள ச.,

முதலில் உங்கள் மகளின் கேள்வி. உங்களுடையதைவிட அதுதான் நேரான கேள்வி.

ட்ரௌட் குளிர்நீர் மீன். தண்ணீர் 20 டிகிரியைத் தாண்டினால் அதற்குத் திணறல், 25-ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. சூடு மட்டும் காரணமில்லை, மூச்சும் காரணம். 10 டிகிரி குளிர்ந்த நீரில் ஒரு லிட்டருக்கு 11 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்க முடியும். 30 டிகிரி நீரில் ஏழரைதான். மே மாதம் நம் அணையின் ஓரத்தில் கால் வைத்திருப்பீர்கள், விளாவிய வெந்நீர் மாதிரி இருந்திருக்கும். அந்த நீரில் ட்ரௌட்டை விட்டால், சித்திரை வெயிலில் கம்பளிச் சட்டை மாட்டி மாடிப்படி ஏறச் சொன்னது போலத்தான். இதை அவளிடம் அப்படியே சொல்லுங்கள். எட்டு வயதுக்குப் புரியும். ‘நம்ம ஊர்ல அதெல்லாம் கிடையாது’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஊரில் ஏதோ குறை என்று அவள் மனதில் பதிந்துவிடும்.

தமிழ்நாட்டில் ட்ரௌட் இருக்கிறது, நீலகிரியில். தானாக வந்ததல்ல. ஊட்டிக் குளிரில் உட்கார்ந்திருந்த வெள்ளைக்கார அதிகாரிகளுக்குத் தங்கள் ஊர் ஓடையும் தூண்டிலும் நினைவுக்கு வந்தன. 1860களில் பிரான்சிஸ் டே என்ற மீன் ஆராய்ச்சியாளர் கொண்டுவர முயன்று தோற்றார். பிறகு எச்.சி. வில்சன் என்பவர் வந்து, 1907 வாக்கில் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைத்து, வானவில் ட்ரௌட்டை அந்த ஓடைகளில் நிலைக்க வைத்தார். ஊர் ஏக்கத்துக்காக மீனையே கப்பலேற்றிக் கொண்டுவந்தவர்கள்! உங்கள் மகளுக்கு இப்போது இருப்பதும் அதே ஏக்கம்தான். நீங்கள் ஊர் திரும்பினீர்கள். அவள் ஊரை விட்டு வந்திருக்கிறாள். இந்த வித்தியாசத்தை உங்கள் கடிதம் தாண்டிப் போய்விட்டது என்று எனக்குப் பட்டது.

இன்னொன்றும் அவளுக்குச் சொல்லலாம். அங்கே நீர்த்தேக்கங்களில் விடும் வானவில் ட்ரௌட் இங்கிலாந்து மீன் அல்ல. அதன் பூர்வீகம் வட அமெரிக்காவின் மேற்குக் கரைப் பக்கம். பண்ணையில் வளர்த்து லாரியில் கொண்டுவந்து விடுகிறார்கள். நம் அணையிலும் அப்படித்தான், கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகளைப் பண்ணையில் வளர்த்து விடுகிறார்கள். அவள் கையில் மாட்டிய ஜிலேபி ஆப்பிரிக்காவிலிருந்து வந்த சாதி. 1952-ல் தாய்லாந்து வழியாக ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊருக்கு வந்து, இன்று தமிழ்நாட்டில் அது இல்லாத குட்டை கிடையாது. அங்கேயும் இங்கேயும் அவள் பிடித்தது வந்தேறி மீனைத்தான்.

சரி, விடலாமா கூடாதா?

என் அபிப்பிராயம் உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். ஜிலேபியை விட வேண்டாம். வீட்டுக்குக் கொண்டுபோய்க் குழம்பு வையுங்கள். அங்கே திரும்ப விடுவதற்கு ஒரு கணக்கு உண்டு: மீன் குறைவு, தூண்டில் அதிகம், விட்டால் இன்னொருவருக்கு மாட்டும். இங்கே ஜிலேபி பெருகிப் பெருகி, இடமும் இரையும் போதாமல் கை நீளம்கூட வளராமல் சிறுத்துப்போகிறது. நாட்டுக் கெண்டைகளின் இரையையும் சேர்த்துத் தின்கிறது. அதை விடுவதால் அணைக்கு ஒரு நன்மையும் இல்லை. அதைவிட முக்கியம், அந்தப் பையன்கள். மீன் அவர்களுக்கு ராத்திரிச் சாப்பாடு. வாயில் தூண்டில் முள்ளைக் குத்தி இழுத்துவிட்டுப் பிறகு கருணையோடு விடுவது அவர்களுக்கு விளங்காத பழக்கம். சிரிக்காமல் என்ன செய்வார்கள்? எனக்குமே அது முழுசாக விளங்கியதில்லை. தின்னப் போவதில்லை என்றால் முள்ளை ஏன் போட வேண்டும்?

இப்படிச் சட்டம் பேசுகிற நானே ஒருமுறை விட்டிருக்கிறேன்.

என் மகனுக்கு அப்போது ஒன்பது வயது. தண்ணீர் வற்றிய ஒரு பங்குனி. காலையிலிருந்து எங்கள் தக்கை அசையவே இல்லை. பக்கத்தில் ஒருவர் வீச்சு வலை போட்டுக்கொண்டிருந்தார். ஒரு வீச்சில் ஏழெட்டு ஜிலேபி. அதில் ஒன்றை வலையிலிருந்து பிரிக்கும்போது அதன் வாயிலிருந்து கடுகு கடுகாக ஏதோ கொட்டியது. மகன் கத்தினான், “அப்பா, வாந்தி எடுக்குது!” வலைக்காரர் குனிந்து பார்த்தார். “வாந்தி இல்ல கண்ணு, குஞ்சு” என்றார். இந்த ஜிலேபியில் தாய் முட்டையை வாயில்தான் அடைகாக்கும். ஆண் மீன் ஆழமில்லாத தரையில் குழி பறித்து வைக்கும், பெண் அதில் முட்டையிட்டு, அப்படியே வாயில் அள்ளிக்கொள்ளும். குஞ்சு பொரிந்த பிறகும், பயம் வந்தால் எல்லாம் தாய் வாய்க்குள் ஓடிவிடும். வாய் நிறையப் பிள்ளை இருக்கிற நாள்களில் அது பெரும்பாலும் இரை எடுக்காது. அதனால் தூண்டிலில் அதிகம் மாட்டாது, வலையில்தான் மாட்டும். எனக்கே அன்றுதான் தெரியும்.

வலைக்காரர் வலையின் அந்த முனையை நீரில் முக்கி ஆட்டினார். குஞ்சுகள் போயின. மீனை என் மகன் கையில் கொடுத்து, “நீயே உடு” என்றார். அவருடைய மீன், அவருடைய காசு. மகன் விட்டான். மற்ற மீன்களை அவர் கூடையில் போட்டுக்கொண்டார். அதில் ஒரு முரணும் அவருக்குத் தெரியவில்லை, யோசித்துப் பார்த்தால் எனக்கும் தெரியவில்லை. அன்று நாங்கள் அணை வாசல் கடையில் பொரித்த மீன் தின்றோம். மகன் மூன்று துண்டு தின்றான்.

(வெறுங்கையோடு போகக் கூச்சப்பட்டு இன்னொரு நாள் கடையில் அரைக் கிலோ வாங்கி, ‘பிடித்தோம்’ என்று வீட்டில் கொடுத்ததும் உண்டு. “உங்க அணையில மீன் செதில் எடுத்துட்டுத்தான் நீந்துதா?” என்று கேட்டாள் மனைவி.)

விட்டே ஆக வேண்டிய மீனும் நம் பக்கம் உண்டு. காவிரியில் இருக்கும் கூனல் முதுகு மஹசீர். ஒரு காலத்தில் துரைமார்கள் ஆள் உயர மீன் என்று அதைத் தேடி அலைந்தார்கள். இன்று உலகத்திலேயே காவிரியையும் அதன் கிளையாறுகளையும் தவிர வேறெங்கும் இல்லை, 2018-ல் அற்றுப்போகும் அபாயம் மிக அதிகமுள்ள உயிர்களின் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். உங்கள் மகளின் நோட்டில் அந்தப் பெயரும் இருக்கட்டும்.

எங்கே போகலாம் என்று கேட்டிருந்தீர்கள். கே.ஆர்.பி. அணையையே சொல்வேன், ஆனால் போகும்போதெல்லாம் ஒரே கரைக்குப் போங்கள். காமராஜர் காலத்து அணை, 1957-ல் திறந்தது, 52 அடி. 2017 நவம்பரில் ஒரு ஷட்டர் உடைந்து தண்ணீர் வீணாக ஓடியதை அப்போது நீங்கள் அங்கிருந்தபடி செய்தியில் பார்த்திருப்பீர்கள். மீன்பிடி உரிமை யாரிடமாவது இருக்கும். கரையில் வலை காயப்போட்டிருப்பவரிடம் முதலில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உட்காருங்கள். அங்கே சீட்டு வாங்கியவர் நீங்கள், இங்கே வணக்கம் சொன்னால் போதும். பாரூர்ப் பெரிய ஏரியும் நல்ல இடம். மீன்வளப் பல்கலைக்கழகத்தின் மையம் ஒன்றும் பாரூரில் இருக்கிறது, மேம்படுத்திய ஜிலேபிக் குஞ்சு அங்கே வளர்க்கிறார்கள். ஓசூர் பக்கத்துக் கெலவரப்பள்ளி அணைக்குப் போக வேண்டாம். தென்பெண்ணை கழிவோடு கர்நாடகத்திலிருந்து இறங்கி வந்து அங்கே நுரை கக்குவதைக் குழந்தைக்குக் காட்டத்தான் வேண்டும், ஆனால் மீன் பிடிக்கிற நாளில் அல்ல. அதே நீர்தான் கே.ஆர்.பி.க்கும் வருகிறது என்பதை நினைத்தால் எனக்கும் குழம்பு கொஞ்சம் தொண்டையில் நிற்கும்.

கோடையில் தண்ணீர் வற்றிய ஓரம் காய்ந்து வெடித்துக் கிடக்கும். தரை என்று நினைத்துக் கால் வைத்தால் முழங்கால் வரை சேறு இழுக்கும். பிள்ளையை முன்னால் ஓட விடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் திறப்பதாகத் தண்டோரா போட்டால் அணைக்குக் கீழே ஆற்றுக்குள் இறங்கவே கூடாது. கெளுத்தி மாட்டினால் நீங்கள் கழற்றுங்கள், அதன் முள் குத்தினால் ராத்திரி முழுக்கக் கடுக்கும். தூண்டில் முள்ளின் நுனிக்குக் கீழே பின்பக்கமாக ஒரு சின்ன நாக்கு இருக்கிறதல்லவா, அதைக் குறட்டால் அமுக்கி மழுக்கிவிடுங்கள். என் மகனின் காது மடலில் ஒருமுறை முள் ஏறி, அந்த நாக்கினால் வெளியே வராமல், ஆஸ்பத்திரியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். மழுக்கினால் சில மீன் தப்பும், தப்பட்டும்.

இரைக்கு மண்புழு அவளுக்கு அருவருப்பாக இருந்தால் ராகிக்களி போதும். ராத்திரி மீந்த களியை இறுகப் பிசைந்து, சுண்டைக்காய் அளவு உருட்டிக் குத்தினால் கெண்டையும் வரும், ஜிலேபியும் வரும். அங்கே ட்ரௌட்டுக்கு இறகைக் கட்டிப் பூச்சி மாதிரி ஏய்ப்பார்கள் என்று படித்திருக்கிறேன். நம் மீன் நம்மைப் போல, களி கொடுத்தால்தான் நம்பும்.

கடைசியாக உங்கள் அப்பா. எனக்கு அவரைத் தெரியாது. ஆனால் அந்த வயதில் காவேரிப்பட்டணத்தில் வளர்ந்த ஓர் ஆண் பிள்ளை கிணற்றிலும் ஆற்றிலும் தூண்டில் போடாமல் வளர்ந்திருக்க வாய்ப்பே இல்லை. ‘பொம்பளப் புள்ள’ என்கிற வாதத்துக்கு நீங்கள் பதில் சொல்லி ஜெயிக்க முடியாது, நானும் என் அப்பாவிடம் ஜெயித்ததில்லை. பேத்தியையே அனுப்புங்கள். ‘தூண்டில்காரனுக்குத் தக்கை மேலே கண்’ என்பார்கள், தக்கை நன்றாக இருந்தால்தான் கண் நிற்கும். கடையில் விற்கும் பிளாஸ்டிக் தக்கை சின்ன மீன் இழுத்தால் அசையாது. தாத்தாவைக் கட்டித்தரச் சொல்லிக் கேட்கட்டும். மயிலிறகுத் தண்டு வேண்டும் என்பார், கிடைக்காவிட்டால் சோளத்தட்டை. எத்தனை விரற்கடை நீளம் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும்.

அன்புடன்.