வயிற்றில் குழந்தை மூச்சை நிறுத்திவிட்டதா?

ஸ்கேன் திரையில் சில நிமிடங்கள் குழந்தையின் நெஞ்சு ஏறி இறங்காததைப் பார்த்துப் பயந்துபோய் எழுதியிருக்கிறீர்கள். பயம் வேண்டாம். வயிற்றில் இருக்கும் குழந்தை மூச்சுவிட்டுப் பிழைப்பதில்லை. ஆக்சிஜன் தருவதும் கரியமில வாயுவை வாங்கிக்கொள்வதும் நஞ்சுக்கொடி. நெஞ்சு அசைவது பிறந்த பிறகு செய்யவேண்டிய வேலைக்குப் பயிற்சி, நுரையீரல் வளரவும் அது உதவுகிறது. உங்களுக்கு 32 வாரம். இந்தக் கட்டத்தில் நாளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நேரம்தான் குழந்தை அப்படி அசைக்கும். ஸ்கேனில் 30 நிமிடத்துக்குள் ஒரு தடவை 30 விநாடி தொடர்ந்து அசைந்தாலே எங்களுக்குத் திருப்தி.

கரியமில வாயு பற்றி இணையத்தில் படித்தது பொய்யில்லை. தாயின் ரத்தத்தில் அது கூடினால் குழந்தையின் மூச்சசைவு கூடும். தாய் வேகவேகமாக மூச்சுவிட்டு அதைக் குறைத்தால் அசைவும் குறையும். ஆனால் அதற்காகத் தினமும் மூச்சை அடக்கிப் பழகுகிறேன் என்கிறீர்களே, யார் சொல்லி? இன்றே நிறுத்துங்கள். கர்ப்பத்தில் புரொஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் உங்களைக் கொஞ்சம் ஆழமாக மூச்சுவிட வைக்கிறது. வழக்கமாக 40 மி.மீ. பாதரசம் அளவில் இருக்கும் உங்கள் கரியமில வாயு அழுத்தம் 30 பக்கம் இறங்குகிறது. அப்போதுதான் மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தண்ணீர் இறங்குவதுபோல் குழந்தையிடமிருந்து வாயு உங்கள் பக்கம் வரும். மூச்சை அடக்குவது அந்தப் பள்ளத்தில் மண்ணைக் கொட்டுகிற வேலை.

எம்ஆர்டி ரயில் நெரிசலும் முகக்கவசமும் குழந்தையைப் பாதிக்குமோ என்றும் கேட்டிருக்கிறீர்கள், இரண்டாலும் ஒன்றும் ஆகாது. வயிற்றுக்குள் தாளம் தப்பாமல் டிக் டிக் என்று துடிப்பது குழந்தையின் விக்கல், அதையும் விடுங்கள்.

நீங்கள் கவனிக்கவேண்டியது உதையும் புரளலும். ஆக்சிஜன் போதாத குழந்தை சக்தியைச் சேமிக்க அசைவைக் குறைத்துக்கொள்ளும். எத்தனை உதை என்ற பொதுக்கணக்கு வேண்டாம். உங்கள் குழந்தை வழக்கமாக எப்போது, எவ்வளவு ஆடும் என்பது உங்களுக்கே தெரியும். அது குறைந்தாலோ மாறினாலோ அன்றைக்கே, அந்த நேரமே கிளம்புங்கள். "மாதம் ஏற ஏற இடம் போதாது, அசைவு குறையத்தான் செய்யும்" என்று மாமியார் சொன்னது தவறு. இனிப்பு சாப்பிட்டுப் பார்ப்போம், விடியட்டும், கிளினிக் திறக்கட்டும் என்று நேரம் கடத்தாதீர்கள். நீங்கள் பதிவு செய்திருக்கும் மருத்துவமனையின் பிரசவப் பிரிவு நடு இரவிலும் திறந்திருக்கும். டாக்சி பிடியுங்கள். வயிற்றில் பட்டை கட்டிக் குறைந்தது 20 நிமிடம் இதயத்துடிப்பைப் பதிவுசெய்து பார்ப்பார்கள். எத்தனை முறை வந்து ஒன்றுமில்லை என்றாலும் தாதியர் யாரும் சலித்துக்கொள்ளக் கூடாது, நீங்களும் கூச்சப்பட வேண்டாம்.

அப்புறம், குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்க நீங்கள் ஆன்லைனில் வாங்கிய அந்தக் கையடக்க டாப்ளர் கருவி. அதைப் பெட்டியிலேயே வையுங்கள். உங்கள் நாடித்துடிப்பையே குழந்தையுடையது என்று அது நம்பவைக்கும். குழந்தையின் துடிப்பே கேட்டாலும், அது நலம் என்பதற்கு அத்தாட்சி ஆகாது. "துடிப்பு கேட்டதே" என்று வீட்டிலேயே தங்கிவிடுவதுதான் எனக்குக் கவலை. ரத்தம் பட்டாலோ பனிக்குடம் உடைந்தாலோ இதே வழிதான், நேராகப் பிரசவப் பிரிவுக்கு.