படம் சுமார்தான், கேமராவை வைத்துவிடலாமா?

கேள்வி: ரொம்ப நாளாக கேமராவும் கையுமாக அலைகிறேன். மற்றவர்கள் எடுத்ததைப் பார்த்தால் எனக்குத் திறமையே இல்லையோ என்று தோன்றுகிறது. விட்டுவிடலாமா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: எதற்கு விடணும்? குளியலறையில் பாடுகிறவர் சபாவில் சான்ஸ் கிடைக்கவில்லையே என்று வாயை மூடிக்கொள்கிறாரா என்ன?

விவியன் மையர் என்று ஒருவர். சிகாகோவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. ஓய்வு கிடைத்தால் ரோலிஃபிளெக்ஸ் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தெருத்தெருவாகச் சுற்றி ஒரு லட்சத்துக்கும் மேல் படம் எடுத்தார், யாரிடமும் பெரிதாகக் காட்டவில்லை, பல ஃபிலிம் ரோல்களைக் கழுவக்கூட இல்லை. 2007-இல் அவருடைய பெட்டிகள் ஏலத்துக்குப் போன பிறகுதான் வெளியே தெரிந்தது. (அவர் மேதை, சரி. ஆனால் கைதட்டல் இல்லாமலேதான் அவ்வளவும் எடுத்தார்.)

அப்புறம், மற்றவர்கள் பொறுக்கியெடுத்த ஒரு படத்தை உங்கள் மொத்தக் குவியலோடு ஒப்பிடுகிறீர்கள், அது நியாயமே இல்லை. காலையில் பூ மார்க்கெட்டுக்குப் போங்கள். பூக்கட்டுகிறவரிடம் கேட்டுவிட்டு அவர் விரல்களை மட்டும் ஷட்டர் வேகம் 1/250 நொடியில் ஒன்று, 1/15 நொடியில் ஒன்று எடுங்கள். முதலாவதில் நார் இழை துல்லியமாக நிற்கும், இரண்டாவதில் விரல்கள் கலைந்து ஓடும். எது பிடிக்கிறது என்று நீங்களே முடிவு பண்ணுங்கள். கொஞ்ச நாளைக்கு எதையும் போஸ்ட் மட்டும் பண்ணாதீர்கள்.