சிக்னல் இல்லாத நேரத்தில் அப்பாவின் பயிற்சி

தங்கச்சி, அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்து 2 மாதம், புதுக்குடியிருப்பில் சிக்னல் விட்டுவிட்டு வருவதால் இயன்மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்) வீடியோ அழைப்பில் தரும் பயிற்சி பாதியில் நிற்கிறது என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து கைவிடாதீர்கள், முதல் 6 மாதம் மிகவும் பெறுமதியானது. பயிற்சியை போனில் பதிவு செய்து, சிக்னல் வரும்போது அனுப்புங்கள். இயன்மருத்துவர் பார்த்துவிட்டுச் சாதாரண அழைப்பிலேயே திருத்தம் சொல்லலாம். என் அம்மாவுக்கு அப்படித்தான் செய்தோம். போனைக் கையில் பிடிக்காமல் ஒரு கதிரையில் சாய்த்து, தலை முதல் பாதம் வரை தெரிகிற தூரத்தில் வையுங்கள்.

அப்புறம், எழுப்பும்போது பலவீனமான கையைப் பிடித்து இழுக்கவே கூடாது, தோள்மூட்டு விலகிவிடலாம். அந்தப் பக்கமாகவே நின்று இடுப்பைத் தாங்குங்கள். கெண்டைக்கால் வீங்கி நொந்தால் இரத்தம் உறைந்திருக்கலாம். வீடியோவுக்குக் காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.