வாசகர் கேள்வி – பதில்: விக்கிப்பீடியாவில் நம் இரு மாவட்டங்கள்

தமிழ் விக்கிப்பீடியாவில் ஊதியமின்றி எழுதித் திருத்திவரும் தன்னார்வலர்களைப் பற்றி, தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் வாசகர்கள் கேட்டிருந்த கேள்விகளில் சில இங்கே இடம்பெறுகின்றன. இவ்விரு மாவட்டக் கட்டுரைகளில் பங்களித்துவருபவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்த அளவில் பதில் எழுதியிருக்கிறேன்.

எங்கள் ஊராட்சியைப் பற்றிய கட்டுரையில், ஊர் எல்லையில் நிற்கும் நடுகல் யாருக்காக எடுக்கப்பட்டது என்பதைப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிச் சேர்த்தேன். மறுநாளே ஒருவர் அதை நீக்கிவிட்டு, ‘சான்று இல்லை’ என்று மட்டும் குறித்திருந்தார். எங்கள் ஊரைக் கண்ணால் கண்டிராத ஒருவர், எனக்குத் தெரிந்ததை எப்படி மறுக்கலாம்?
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், அரூர்

ஐயா, தங்கள் வருத்தம் நியாயமானது. புதிதாக வந்த ஒருவரின் வரிகளை நீக்குகிறவர், காரணத்தை இரண்டு வரியிலாவது விளக்கி, அவருடைய பேச்சுப் பக்கத்தில் ஒரு வரவேற்புச் சொல்லையும் இட்டுச் செல்லவேண்டும். பலர் அவ்வாறு செய்கிறார்கள், சிலர் அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள். ஆனால் நீக்கியவர் தாங்கள் சொன்னது பொய் என்று சொல்லவில்லை. அந்தக் கட்டுரையை நாளை படிக்கப்போகும் ஒரு மாணவருக்கு, அதை எழுதியவர் வாழ்நாள் முழுவதும் பாடம் நடத்திய தலைமையாசிரியரா, பொழுதுபோக்குக்காக எதையோ தட்டிவிட்டுப் போன ஒருவரா என்று அறிய வழியே இல்லை. எழுதியவரைக்கொண்டு எழுத்தை எடைபோட முடியாத இடத்தில், அவர் காட்டும் சான்றைக்கொண்டுதான் எடைபோட முடியும். இந்த விதியை விக்கிப்பீடியர்கள் மெய்யறிதன்மை என்கிறார்கள். பல்கலைக்கழகப் பேராசிரியர் தாமே கண்டறிந்த ஒன்றை முதன்முதலாக அங்கே எழுதினாலும் அது நீக்கப்படும். அவர் அதை ஓர் ஆய்விதழில் வெளியிட்ட பிறகு, அந்த இதழைச் சான்றாகக் காட்டி யார் வேண்டுமானாலும் எழுதலாம்.

தாங்கள் எழுதியது அழிந்துபோகவுமில்லை. கட்டுரையின் மேற்புறத்தில் உள்ள வரலாறு என்னும் பகுதியைத் திறந்தால், அக்கட்டுரை தொடங்கிய நாளிலிருந்து ஒவ்வொரு மாற்றத்தையும் யார், எப்போது, என்ன குறிப்போடு செய்தார் என்று வரிசையாகக் காணலாம். தங்கள் வரிகளும் அங்கே இருக்கும். நீக்கியவரின் பயனர் பெயரும் இருக்கும். கட்டுரையின் உரையாடல் பக்கத்துக்குச் சென்று, “இந்த நடுகல் ஊரின் வடக்கு எல்லையில் உள்ளது, படம் எடுத்துத் தர என்னால் முடியும், இதைப் பற்றி எந்த நூலில் பதிவாகியிருக்கிறது என்று தேட உதவி வேண்டும்” என்பதுபோல எழுதி, இறுதியில் நான்கு அலைக்குறிகளை (~~~~) இட்டால், தங்கள் பெயரும் நேரமும் தாமாகவே பதிந்துவிடும். நீக்கியவரே தேடித்தர முன்வருவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

இனி, சான்றுக்கு எங்கே போவது என்பதைச் சொல்கிறேன், ஏனெனில் நம் பகுதி இதில் ஏழையே அல்ல. தருமபுரியும் அதை ஒட்டிய செங்கம் பகுதியும் தமிழகத்தில் நடுகற்கள் மிகுதியாகக் கிடைத்த நிலம். ஆநிரை கவர்ந்த பூசலில் இறந்த வீரர்களுக்கு எடுக்கப்பட்ட கற்கள் பல. பல்லவ மன்னர்களின் ஆட்சியாண்டைக் குறித்து வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டவையும் அவற்றில் உண்டு. தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை இப்பகுதிக் கல்வெட்டுகளையும் நடுகற்களையும் தொகுத்து நூல்களாக வெளியிட்டிருக்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகங்களில் நடுகற்கள் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன. தங்கள் ஊர்க்கல் அந்தத் தொகுதிகளில் இடம்பெற்றிருந்தால் நூற்பெயர், பக்க எண் ஆகியவற்றோடு எழுதிவிடலாம். இடம்பெறவில்லை என்றால் தங்கள் பணி இன்னும் பெரியது: அருங்காட்சியகத்துக்குத் தெரிவியுங்கள்; கல்வெட்டு வாசிக்கத் தெரிந்த ஒருவரை அழைத்துச் சென்று காட்டுங்கள். தமிழகத் தொல்லியல் கழகத்தின் ‘ஆவணம்’ இதழ் புதிதாகக் கண்டறியப்பட்ட கல்வெட்டுகளையும் நடுகற்களையும் தொடர்ந்து பதிப்பித்துவருகிறது. அதில் ஒரு குறிப்பு வந்துவிட்டால், அதன் பிறகு அந்த வரியைச் சான்றில்லை என்று எவரும் நீக்கமாட்டார்கள்.

பெரியவர்கள் சொன்ன கதையையும் கைவிட வேண்டாம். உள்ளூர் வரலாற்று மலரிலோ, கல்லூரி ஆய்விதழிலோ, சொன்னவரின் பெயர், ஊர், சொன்ன நாள் ஆகியவற்றோடு அதை அச்சில் கொண்டுவாருங்கள். நம் மாவட்டங்களின் அறிவில் பெரும்பகுதி இன்னும் வாய்மொழியாகவே இருக்கிறது என்பதுதான் எனக்கு உள்ளபடியே கவலை தரும் செய்தி. ஊராட்சிக் கட்டுரைகள் பலவும், அரசு தந்த தரவுகளைக்கொண்டு தானியங்கி நிரல்வழி உருவாக்கப்பட்டவை. அவற்றில் சட்டமன்றத் தொகுதி, 2011 மக்கள்தொகை, கைக்குழாய்கள், குடிநீர் இணைப்புகள், சிற்றூர்களின் பெயர்கள் ஆகியவை இருக்கும், அவ்வளவுதான். அந்த அட்டவணைக்கு மேல் ஊரின் வரலாறாக ஒரு பத்தியைச் சேர்க்கக்கூடியவர்கள் தங்களைப் போன்றவர்களே. ஒருமுறை நீக்கப்பட்டதற்காகத் தாங்கள் விலகிவிட்டால், அந்தப் பத்தி எழுதப்படாமலே போய்விடும்.

விக்கிப்பீடியாவுக்குத் தலைமை ஆசிரியர் யார்? ஒரே செய்தியை இருவர் இரு விதமாக எழுதினால் இறுதி முடிவு யாருடையது?
– பொறியியல் கல்லூரி மாணவி, ஓசூர்

தலைமை ஆசிரியர் என்று எவரும் இல்லை. நிர்வாகிகள் என்று சிலர் இருக்கிறார்கள். அவர்களைப் பிற பயனர்களே வாக்களித்துத் தெரிவு செய்கிறார்கள். விசமத்தனமாகத் தொகுப்பவரை, அதாவது கட்டுரைகளை மாற்றுபவரைத் தடுப்பது, பக்கத்தைப் பூட்டுவது, நீக்குவது போன்ற கருவிகள் அவர்களிடம் உண்டு. ஆனால் கட்டுரையின் உள்ளடக்கத்தில் இருவர் மாறுபட்டால், நிர்வாகியின் சொல்லுக்கும் உங்கள் சொல்லுக்கும் ஒரே எடைதான். விக்கிமீடியா அறக்கட்டளை என்னும் இலாப நோக்கற்ற அமைப்பு, தளம் இயங்கும் வழங்கிகளை (சர்வர்களை) நடத்துகிறது. எந்தக் கட்டுரையில் என்ன எழுதவேண்டும் என்று அது பொதுவாகச் சொல்வதில்லை. முடிவு உரையாடல் பக்கத்தில், பங்கேற்போர் பேசி ஒத்துப்போகும் இணக்க முடிவாக எட்டப்படுகிறது. ஒருவர் எழுத, மற்றவர் மாற்ற, முதலாமவர் மீண்டும் மாற்ற, இப்படித் தொடர்வதைத் தொகுப்புப் போர் என்பார்கள். அதில் ஈடுபட்டால் சொன்ன செய்தி சரியாக இருந்தாலும் தடை செய்யப்படலாம்.

நம் மாவட்டத்திலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் நடந்த அகழாய்வில் கிடைத்த இரும்பின் காலம் பொ.ஆ.மு. (பொது ஆண்டுக்கு முன், அதாவது கி.மு.) 2172 வரை செல்கிறது என்று 2022 மே மாதம் முதலமைச்சர் சட்டப்பேரவையில் அறிவித்தார். அதை வைத்து ஒருவர், ‘இந்தியாவிலேயே மிகப் பழமையான இரும்பு கிடைத்த இடம்’ என்று எழுதுகிறார் என்று கொள்வோம். 2025 ஜனவரியில் தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் கிடைத்த இரும்புக்குப் பொ.ஆ.மு. 3345 வரை செல்லும் காலம் அறிவிக்கப்பட்டது. இப்போது இன்னொருவர் வந்து முதல் வாக்கியத்தை முழுவதுமாக நீக்குகிறார். முதலாமவர், ‘எங்கள் மாவட்டத்தின் பெருமையை மறைக்கிறார்கள்’ என்று கொதித்து மீண்டும் சேர்க்கிறார். இருவரிடமும் சான்று இருக்கிறது. இருவரும் உரையாடல் பக்கத்தில் சற்று நேரம் பேசினால், ‘இங்குக் கிடைத்த இரும்பின் காலம் பொ.ஆ.மு. 2172 எனத் தமிழ்நாடு அரசு 2022-இல் அறிவித்தது. இதைவிட முந்தைய காலம் 2025-இல் சிவகளைக்கு அறிவிக்கப்பட்டது’ என்ற வாக்கியத்துக்கு வந்துசேர்வார்கள். யார் சொன்னார், எந்த ஆண்டு சொன்னார் என்பது வாக்கியத்துக்குள் வந்துவிட்டால் சண்டைக்கு இடமில்லை. நாளை வேறோர் ஊரில் இன்னும் பழைய இரும்பு கிடைத்தாலும் அந்த வாக்கியம் பொய்யாகாது. அறிஞர் எவரேனும் இக்காலக்கணிப்பை மறுத்து எழுதியிருந்தால் அதையும் அவர் பெயரோடு சேர்க்கலாம், சேர்க்கவேண்டும். நடுநிலை நோக்கு என்று இதைத்தான் சொல்கிறார்கள்.

ஊர்ப்பற்று எழுதத் தூண்டுவது நல்லதே. நானும் அதனால்தான் எழுத வந்தேன். ஆனால் வாக்கியத்துக்குள் அதை விட்டுவிட்டால், அடுத்த மாவட்டத்துக்காரர் அதை நம்பமாட்டார்.

எங்கள் பள்ளி மாணவர்களைக் கணினி அறையில் அமர்த்தி, ஆளுக்கொரு கட்டுரை எழுதவைக்க விரும்புகிறேன். பாடநூலிலிருந்து எடுத்து எழுதலாமா?
– ஆசிரியை, காவேரிப்பட்டணம்

நல்ல எண்ணம். ஆனால் ஆளுக்கொரு கட்டுரை என்பது முதல் நாளிலேயே வேண்டாம். பாடநூல், நாளிதழ், பிற இணையதளங்கள் எதிலிருந்தும் வாக்கியங்களை அப்படியே எடுத்து ஒட்டக்கூடாது; அவை பதிப்புரிமைக்கு உட்பட்டவை, கண்டவுடன் நீக்கப்படும். செய்தி பொதுவானது, அதைச் சொன்ன வாக்கியம் எழுதியவருக்கு உரியது என்பதை மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க இதைவிடச் சிறந்த வகுப்பு இல்லை. இரண்டு நூல்களைப் படிக்கச்செய்து, மூடிவைத்துவிட்டு, தம் சொற்களில் நான்கு வரி எழுதி, அந்த நூல்களைச் சான்றாக இணைக்கச் சொல்லுங்கள். இயந்திர மொழிபெயர்ப்பை அப்படியே பதிவதும் கூடாது. அதைச் செப்பனிடப் பிறருக்கு ஆகும் நேரம், புதிதாக எழுதுவதைவிட அதிகம்.

கணக்கு தொடங்குவதில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. ஒரே இணைய இணைப்பிலிருந்து ஒரு நாளில் 6 புதிய கணக்குகளுக்கு மேல் தொடங்க முடியாது. முப்பது மாணவர்களையும் ஒரே நேரத்தில் அமரவைத்தால் ஆறு பேரோடு நின்றுவிடும். முன்னதாகவே வீட்டிலிருந்து கணக்கு தொடங்கி வரச்சொல்லுங்கள், அல்லது ஆலமரத்தடி என்னும் பொது உரையாடல் பக்கத்தில் சில நாள்களுக்கு முன்பே தெரிவித்து உதவி கேளுங்கள். ஒரு கணக்கைப் பலர் பயன்படுத்தக்கூடாது. பயனர் பெயரில் மாணவரின் உண்மைப் பெயரும் பள்ளியும் இல்லாதிருப்பதே பாதுகாப்பு. முதலில் மணல்தொட்டியில் எழுதிப் பார்க்கட்டும்; அது பயிற்சிக்கென்றே உள்ள பக்கம்.

எங்கள் குடும்பம் நீண்டகாலமாக மாங்கூழ் தொழிற்சாலை நடத்திவருகிறது. அதைப் பற்றியும் என் தந்தையைப் பற்றியும் நானே கட்டுரை எழுதலாமா?
– தொழில்முனைவோர், பர்கூர்

தாங்களே எழுதாமல் இருப்பது நல்லது. தம்மைச் சார்ந்தவர்களைப் பற்றி எவராலும் நடுநிலையாக எழுத முடியாது என்பதால், விக்கிப்பீடியா அதை ஊக்குவிப்பதில்லை. பணம் பெற்று எழுதுகிறவர் அதை வெளிப்படையாக அறிவித்தே ஆகவேண்டும். தங்களுக்குத் தொடர்பில்லாதவர்கள் எழுதிய விரிவான சான்றுகள் இருந்தால், உரையாடல் பக்கத்தில் அவற்றைத் தந்து, பிறரை எழுதக் கேட்கலாம். அதற்கு மாறாக, கிருஷ்ணகிரி மாங்கூழ்த் தொழிலைப் பற்றிய பொதுக் கட்டுரையை வளர்க்கத் தங்களைப் போன்றவர்களின் அறிவு மிகவும் தேவை: பெங்களூரா வகை ஏன் கூழுக்கு விரும்பப்படுகிறது, கொள்முதல் எப்படி நடக்கிறது என்பவற்றை எந்த அறிக்கையில் தேடவேண்டும் என்று தாங்கள் வழிகாட்டினாலே போதும்.

என்னிடம் கைப்பேசி மட்டுமே இருக்கிறது. என்னால் என்ன செய்ய முடியும்?
– பென்னாகரம் வாசகர்

நிறையவே முடியும். எழுத்துப்பிழை திருத்தலாம், ‘சான்று தேவை’ என்று குறிக்கப்பட்ட வரிகளுக்குச் சான்று தேடி இணைக்கலாம். எல்லாவற்றையும்விடப் படங்கள் தேவைப்படுகின்றன. நீங்களே எடுத்த படத்தை, படங்களுக்கான பொதுக் களஞ்சியமாகிய விக்கிமீடியா பொதுவகத்தில், எவரும் பெயர் குறிப்பிட்டுப் பயன்படுத்தலாம் என்ற உரிமத்தில் ஏற்றினால், எல்லா மொழி விக்கிப்பீடியாக்களும் அதைப் பயன்படுத்திக்கொள்ளும். ஒகேனக்கல் அருவிக்குப் படங்கள் ஏராளமாக உள்ளன. உங்கள் ஊர்ச் சந்தையையும் ஏரியையும் எடுங்கள். பிறர் எடுத்து வாட்சப்பில் வந்த படத்தை மட்டும் ஏற்றவேண்டாம்.

பழைய நூல்களில் எங்கள் ஊர் சேலம் மாவட்டம் என்றும், பின்னர் தருமபுரி மாவட்டம் என்றும் இருக்கிறது. கட்டுரையில் எதை எழுதுவது?
– ஊத்தங்கரை வாசகர்

இரு மாவட்டக் கட்டுரைகளிலும் மிகுதியாகக் காணப்படும் பிழை இதுவே. தருமபுரி மாவட்டம் சேலத்திலிருந்து 1965 அக்டோபர் 2 அன்றும், கிருஷ்ணகிரி மாவட்டம் தருமபுரியிலிருந்து 2004 பிப்ரவரி 9 அன்றும் பிரிக்கப்பட்டன. ஆகவே 1990-இல் அச்சான நூலில் ஊத்தங்கரை தருமபுரி மாவட்டத்தில் இருப்பது பிழையன்று. அந்நூலைப் பார்த்து இன்றைய அமைவிடத்தை எழுதுவதுதான் பிழை. கட்டுரையின் முதல் வரியில் இன்றைய மாவட்டத்தையும், வரலாற்றுப் பகுதியில் அந்தந்தக் காலத்து மாவட்டத்தையும் எழுதவேண்டும். இராஜாஜி 1878-இல் ஓசூருக்கு அருகிலுள்ள தொரப்பள்ளியில் பிறந்தார். அப்போது அது சேலம் மாவட்டம். ‘அன்றைய சேலம் மாவட்டத்தில், இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உள்ள தொரப்பள்ளியில்’ என்று எழுதினால் இரண்டும் சரியாகிவிடும். மக்கள்தொகையிலும் இதே கவனம் வேண்டும்: 2001 கணக்கெடுப்பின்போது தருமபுரி மாவட்டம் பிரிக்கப்படவில்லை, 2011-இல் தருமபுரிக்கு 15,06,843, கிருஷ்ணகிரிக்கு 18,79,809 எனத் தனித்தனியாகக் கணக்கு உள்ளது. இவ்விரு ஆண்டுகளின் எண்களை ஒப்பிட்டு, தருமபுரியில் மக்கள்தொகை குறைந்துவிட்டது என்று எங்காவது எழுதியிருக்கக் கண்டால், உடனே திருத்தி, மாற்றத்தைச் சேமிக்கும்போது குறிப்பு எழுதும் இடமாகிய தொகுப்புச் சுருக்கத்தில் காரணத்தையும் குறித்துவிடுங்கள்.