ஆன்லைன் கடையின் கார்ட், செக்அவுட் பக்கங்களைக் கேஷ் செய்ய முடியாது என்றால், அங்கே சிஎஸ்எஸ் (பக்கத்தின் தோற்றம்), ஜாவாஸ்கிரிப்ட் (பக்கத்தின் இயக்கம்) கோப்புகளைச் சுருக்கிப் பயன் உண்டா?

உண்டு. சொல்லப்போனால் அங்கேதான் அவசியம்.

பக்க கேஷ் என்பது சர்வர் ஒருமுறை தயாரித்த பக்கத்தை எடுத்து வைத்து, அடுத்து வருபவருக்கும் அதையே கொடுப்பது. வூகாமர்ஸ் (வேர்ட்பிரஸ் தளத்தைக் கடையாக்கும் பிளகின்) கடையில் கார்ட், செக்அவுட், மை அக்கவுண்ட் மூன்றையும் அப்படி வைக்கக் கூடாது. ஒருவரின் முகவரி இன்னொருவர் திரையில் வந்துவிடும். அதனால் அவை ஒவ்வொரு முறையும் புதிதாகத் தயாராகின்றன. ஆனால் அவற்றில் ஏறும் சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகள் எல்லோருக்கும் ஒன்றுதான். தோசையை ஆர்டர் வந்த பிறகுதான் ஊற்ற முடியும். சட்னியை முன்பே அரைத்து வைக்கலாம்.

கோப்புகளைச் சுருக்குவதைவிட, வேண்டாததை எடுப்பதில்தான் பெரும்பாலும் பலன் அதிகம். முகப்பு ஸ்லைடரின் ஸ்கிரிப்ட், தொடர்புப் படிவத்தின் ஸ்டைல் எல்லாம் செக்அவுட்டிலும் வந்து உட்கார்ந்திருக்கும். பிரவுசரின் டெவலப்பர் டூல்ஸில் நெட்வொர்க் பகுதியைத் திறந்துவைத்து ரீலோட் செய்யுங்கள், ஒவ்வொன்றாகத் தெரியும்.

பணம் வசூலிக்கும் பேமெண்ட் கேட்வேயின் ஸ்கிரிப்டை மட்டும் தாமதப்படுத்தாதீர்கள். கார்டு எண் போடும் பெட்டியே வராமல் போகலாம். பணம் கட்ட வந்தவரை அந்த இடத்தில் திருப்பி அனுப்புவது கொடுமை. கோப்புகளைச் சுருக்கும் ஆட்டோப்டிமைஸ் பிளகினில் கார்ட், செக்அவுட்டைச் சேர்ப்பதா என்பதற்கே தனித் தேர்வு இருக்கிறது. எதை மாற்றினாலும் லாகின் செய்யாத விண்டோவில் ஒரு சோதனை ஆர்டர் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

பலருக்கும் வரும் குழப்பம் ஒன்று: பக்க கேஷ் சர்வர் பக்கம் நடப்பது, பிரவுசர் கேஷ் வாங்குபவரின் போனில் இருப்பது, முன்னதை நிறுத்தினால் கோப்புகளுக்கான பின்னது நிற்பதில்லை.