‘பிறகு’ என்று அழுத்தியது போதும், ரீச்சர்

கேள்வி: விசுவமடுவில் ஆசிரியையாக இருக்கிறேன். கனடாவில் உள்ள அண்ணாவின் உதவியோடு போன வருடம் சீனத் தயாரிப்பு மின்கார் ஒன்று வாங்கினோம். கொழும்பில் ஒரு தனியார் இறக்குமதியாளரிடம் எடுத்தது. மூன்று மாதமாகத் திரையில் ‘புதிய மென்பொருள் தயார், இப்போது நிறுவவா?’ என்று வருகிறது. நிறுவும்போது கரண்ட் போனால் கார் செத்துவிடும் என்று பள்ளிக்கூடத்தில் ஒருவர் சொன்னதால் ‘பிறகு’ என்றே அழுத்திக்கொண்டிருக்கிறேன். இதற்கிடையில் வவுனியாவில் ஒரு தம்பி, 75,000 ரூபா தந்தால் பென்டிரைவில் இந்த அப்டேட்டையும் போட்டு, யூரியூப்பில் காட்டுகிற மாதிரி கார் தானே ஓடும் வசதியையும் திறந்துவிடுவதாகச் சொல்கிறார். 10,000 முற்பணம் கேட்கிறார். வீட்டுக்காரருக்கு விருப்பம், எனக்குப் பயம். என்ன செய்யலாம் ஐயா?

பதில்: திரையில் வருவதை இந்த வாரமே நிறுவுங்கள். பென்டிரைவில் வருவதைக் காருக்குக் கிட்டவும் விடாதீர்கள். பதில் அவ்வளவுதான். ஏன் என்று வீட்டுக்காரருக்கும் விளங்க வேண்டுமே, அதற்காக மிச்சத்தை எழுதுகிறேன்.

முதலில் கரண்ட் கதை. அப்டேட் இரண்டு வேலையாக நடக்கும். கோப்பு இறங்குவது ஒன்று, அதை நிறுவுவது மற்றது. இறங்கும்போது கரண்ட் போனால் வைஃபை நிற்கும், இறங்குவதும் நிற்கும். கரண்ட் வந்ததும் மறுபடி இறங்கும், காருக்கு ஒரு சேதமும் இல்லை. நிறுவும்போதோ கார் வீட்டுக் கரண்டை எதிர்பார்ப்பதே இல்லை. தன் பற்றரியில்தான் அந்த வேலையைச் செய்கிறது. ஊர் முழுக்க இருட்டானாலும் அதற்குத் தெரியாது.

மீள்குடியேறிய காலத்தில் எங்கள் சனம் வீடு கட்டியது நினைவிருக்கும். தகரக் கொட்டிலைப் பிரிக்காமல், பக்கத்திலேயே கல்வீட்டைக் கட்டி, கூரை போட்டு, கதவும் பூட்டிய பிறகுதானே குடிபுகுந்தார்கள்? இப்போதைய கார்களின் பெரிய கணினிகள் பலவும் அப்படித்தான். பழைய மென்பொருளை அழிக்காமல், வெறுமையாக வைத்திருக்கும் இடத்தில் புதியதை எழுதி, சரிபார்த்த பிறகே அதற்கு மாறும். இடையில் வேலை நின்றாலும் கொட்டில் இருக்கிறது.

நான் பயப்படச் சொல்வது வேறொன்றுக்கு. மின்காரில் பெரிய பற்றரியைத் தவிர 12 வோல்ட் சின்னப் பற்றரி ஒன்றும் இருக்கிறது. கதவுப் பூட்டு, திரை, கணினிகள் எல்லாம் அதில்தான் உயிர்வாழ்கின்றன. நிறுவும் நேரத்தில் பல கார்கள் பெரிய பற்றரியின் தொடர்பைத் துண்டித்துவிட்டு இந்தச் சின்னதை நம்பியே வேலை செய்யும். அது சோர்ந்து கிடந்தால்தான் ஆபத்து. போன மாரியில் ஒட்டுசுட்டான் பக்கத்திலிருந்து ஒரு கார் லொறியில் ஏறி என் கராஜுக்கு வந்தது. உரிமையாளர் நல்ல மனிதர், ஆனால் பொறுமை இல்லை. நிறுவுகிறதா என்று பார்க்கப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கதவைத் திறந்திருக்கிறார். பிள்ளைகள் உள்ளே ஏறி லைட்டைப் போட்டிருக்கிறார்கள். ஏற்கெனவே மூன்று கிழமை ஓடாமல் நின்ற கார். திரை கறுத்துப் போய், கதவும் பூட்டிக்கொண்டது. சின்னப் பற்றரிக்கு வெளியிலிருந்து சார்ஜ் கொடுத்தேன், அரை மணித்தியாலத்தில் எழும்பி, விட்ட வேலையைத் தானே முடித்தது. அவர் லொறிக்குக் கொடுத்த காசுதான் நட்டம்.

ஆகவே அன்று பகல் காரை ஒரு மணித்தியாலமாவது ஓட்டிவிட்டு வாருங்கள். பெரிய பற்றரியில் பாதிக்கு மேல் சார்ஜ் இருக்கட்டும். வீட்டு இணையப் பொதியில் நள்ளிரவுக்குப் பின் தருகிற இரவு டேட்டா எப்படியும் வீணாகத்தானே போகிறது, கோப்பை அதில் இறக்குங்கள். ஒரு ஜிபிக்கு மேல் இருந்தாலும் திகைக்க வேண்டாம். விடிந்ததும் காரை ‘பி’யில் விட்டு, சார்ஜ் வயரைக் கழற்றச் சொன்னால் கழற்றி, ‘நிறுவு’ என்று அழுத்திவிட்டு இறங்கிப் பூட்டுங்கள். பிறகு தேத்தண்ணி குடியுங்கள், கட்டுரைக் கொப்பி திருத்துங்கள், கார்ப் பக்கம் மட்டும் போகாதீர்கள். திரை சொன்ன நேரத்தைவிட அரை மணித்தியாலம் கூடுதலாகவே விடுங்கள்.

சரி, வவுனியாத் தம்பிக்கு வருவோம்.

உங்கள் வீட்டுக்காரர் யூரியூப்பில் என்ன பார்த்திருப்பார் என்று எனக்குத் தெரியும். 2025 பெப்ரவரியில் பிவைடி என்ற சீன மின்கார் நிறுவனம் ‘கடவுளின் கண்’ என்ற பெயரில் ஒரு ஓட்டுநர் உதவி முறையைச் சீனச் சந்தைக்கு அறிவித்தது. அந்தக் காணொளிகள்தான் வட்ஸ்அப்பில் சுற்றுகின்றன. அதில் ஆகச் சின்ன வகைக்கே பன்னிரண்டு கமரா, ஐந்து ராடார். உங்கள் காரைச் சுற்றி வந்து கமராக்களை எண்ணிப் பாருங்கள். முன் கண்ணாடியின் உச்சியில் ஒன்று, பின்னுக்கு எடுக்கும்போது சுற்றுவட்டத்தைக் காட்டுகிற நாலு, பெரும்பாலும் அவ்வளவுதான். இல்லாத கமராவைப் பென்டிரைவில் கொண்டுவர முடியுமா? அந்தக் கமராக்கள் காண்பதைக் கணக்குப் போடும் கணினிச் சிப்பும் உங்கள் காரில் இல்லை.

அப்படியானால் அவர் 75,000 ரூபாவுக்கு என்னதான் செய்வார்? கார்க் கம்பனி அனுப்பும் மென்பொருளில் ஒரு மின்முத்திரை இருக்கும், கந்தோர்க் கடிதத்தில் சீல் இருப்பது போல. முத்திரை இல்லாததை ஸ்டியரிங், பிரேக் கணினிகள் ஏற்காது. அதனால் இவர்கள் அந்தப் பக்கமே போவதில்லை. நடுவில் இருக்கிற பெரிய திரையின் மறைவான அமைப்பைத் திறந்து, இரண்டு மூன்று செயலிகளைப் போட்டு, நாட்டுக் குறியீட்டை மாற்றி, ஒரு புதுப் படத்தையும் திரையில் வைத்து, ‘திறந்தாச்சு அண்ணை’ என்பார்கள். என்னிடம் வந்த ஒரு காரில் அதற்குப் பிறகு திரை முழுக்கச் சீன எழுத்து, பின்பக்கக் கமரா வேலையில்லை, கம்பனி அப்டேட்டும் நின்றுவிட்டது. போட்டவருக்கு எடுத்தால் போன் அடிக்கிறது, ஆள் எடுக்கவில்லை.

இவர்களுடைய அடுத்த சாமான், ஸ்டியரிங்கில் மாட்டும் பாரம். ஸ்டியரிங்கில் கை இருக்கிறது என்று காரை ஏமாற்றுவதற்காக. காசில்லாதவர்களுக்குத் தண்ணிப் போத்தல். அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் 2018இலேயே அப்படியொரு சாமானை விற்பதை நிறுத்தச் சொல்லி உத்தரவிட்டது. இங்கே அது ஒன்லைனில் வாங்கி வீட்டு வாசலில் எடுக்கிற பொருளாக இருக்கிறது.

பற்றரியையும் ‘சொப்ற்வெயார் அடித்து’ புதிதாக்குவோம் என்பார்கள். உங்கள் கார் புதியது, உங்களுக்கு இது தேவையில்லை. ஆனால் ஊரில் ஜப்பானிலிருந்து வந்த பழைய நிஸான் லீஃப் மின்கார் வைத்திருப்பவர்கள் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள், அதனால் சொல்கிறேன். தேய்ந்த பற்றரியை எந்த மென்பொருளும் புதிதாக்காது. ஒரேயொரு விதிவிலக்கு உண்டு, அதைத்தான் தரகர்கள் பிடித்துத் தொங்குகிறார்கள். நிஸான் லீஃபில் 30 கிலோவாட் மணி அளவு பற்றரி கொண்ட வகை 2016, 2017 காலத்தது. அதில் பற்றரியின் நிலையைக் கணக்கிடும் கருவி கணக்கைப் பிழையாகப் போட்டு, இருப்பதைவிடக் குறைவாகக் காட்டியது. 2018 ஜூனில் நிஸான் அதற்கு ஒரு மென்பொருள் திருத்தத்தை வெளியிட்டது. திருத்தம் செய்த கார்களில், பற்றரியின் நலத்தைத் திரையில் காட்டும் கட்டங்கள் திரும்பி வந்தன. உண்மைதான். ஆனால் பற்றரி கூடவில்லை, பிழையாகப் படித்த தராசைத்தான் திருத்தினார்கள். 24 கிலோவாட் மணி வகைக்கு இந்தத் திருத்தம் இல்லை, 40க்கும் இல்லை. 30க்கும் பென்டிரைவில் வருவதில்லை, கம்பனியின் சோதனைக் கருவியைக் காரில் கொழுவித்தான் செய்ய வேண்டும். தரகர் செய்வது என்ன? கருவியின் ஞாபகத்தை அழிப்பது. அழித்த அன்று பன்னிரண்டு கட்டமும் நிறைந்து நிற்கும், படம் எடுத்து விளம்பரம் போடலாம். சில கிழமை ஓட, கட்டங்கள் ஒவ்வொன்றாக இறங்கிப் பழைய இடத்துக்கே வரும். அதற்குள் கார் கை மாறியிருக்கும். பழைய லீஃப் பார்க்கப் போகிறவர்கள் கட்டத்தை நம்பாமல், நிறையச் சார்ஜ் போட்டுக் கிளிநொச்சியிலிருந்து வவுனியா வரை ஓடிப் பாருங்கள்.

உங்களுக்கு உண்மையில் இருக்கக்கூடிய ஒரு சிக்கலை நீங்கள் கேட்கவில்லை. காரின் கணக்கு யார் பெயரில் இருக்கிறது? தனியார் இறக்குமதியாளர்களில் சிலர் தங்கள் மின்னஞ்சலிலும் தொலைபேசி எண்ணிலும் கணக்கைத் திறந்துவிட்டு, சாவியை மட்டும் தருகிறார்கள். கார் எங்கே நிற்கிறது என்று அவர்கள் போனில் பார்க்கலாம். ஒவ்வொரு அப்டேட்டுக்கும் ‘அனுமதி’ என்று 5,000 ரூபா வாங்குபவர்களையும் கண்டிருக்கிறேன். காரின் செயலியை உங்கள் போனில் போட்டு, உங்கள் எண்ணில் திறக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். இல்லாவிட்டால் கணக்கை மாற்றித் தரும்படி அவரிடம் எழுத்தில் கேளுங்கள்.

‘இப்ப நல்லாத்தானே ஓடுது, ஏன் அப்டேட்?’ என்றும் வீட்டுக்காரர் கேட்பார். அப்டேட் என்றால் புது வசதி என்று நினைக்கிறார்கள். பல தடவை அது இருக்கிற வசதிக்குக் கடிவாளம் போடத்தான் வருகிறது. 2023 பெப்ரவரியில் டெஸ்லா அமெரிக்காவில் 3,62,758 கார்களைத் திருத்த வேண்டி வந்தது, அவற்றின் தானோட்ட மென்பொருள் வீதியில் ‘நில்’ பலகை உள்ள இடத்தில் முழுதாக நிற்காமல் நழுவக்கூடும் என்று. அதே வருடம் டிசம்பரில் இருபது இலட்சத்துக்கு மேல், ஓட்டுபவர் கவனிக்கிறாரா என்பதை இன்னும் கண்டிப்பாகப் பார்க்க. கராஜுக்கு வரச் சொல்லவில்லை, மென்பொருளாகவே அனுப்பினார்கள். அங்கே ‘பிறகு’ என்று அழுத்தியவர் பழைய பிழையோடுதான் ஓடியிருப்பார்.

ஐரோப்பாவில் 2024 ஜூலையிலிருந்து விற்கும் ஒவ்வொரு புதுக் காருக்கும் மென்பொருள் மாற்றம் பற்றிய ஐ.நா. ஒழுங்குவிதி 156 பொருந்த வேண்டும். எங்கள் வாகனப் பதிவுச் சான்றிதழில் நிறத்துக்கு இடமிருக்கிறது, மென்பொருள் பதிப்புக்கு இல்லை. புகை வராததால் புகைப் பரிசோதனையும் மின்காருக்கு இல்லை. ஆக வருடத்தில் ஒருநாளாவது காரின் மென்பொருளை ஒருவர் பார்க்க வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை. முகவர்களின் பெரிய கராஜுகள் பெரும்பாலும் கொழும்புப் பக்கம். பரந்தனில் கார் நின்றால் லொறி பிடி. இந்த இடைவெளியில்தான் பென்டிரைவ் தம்பிகள் கடை போடுகிறார்கள்.

நிறுவி முடித்த முதல் கிழமை காரைப் புதிதாகப் பழகுங்கள். சில அமைப்புகள் கம்பனி வைத்தபடிக்குத் திரும்பியிருக்கும். கோடு தாண்டினால் ஸ்டியரிங்கை இழுக்கும் வசதியை நீங்கள் நிறுத்தி வைத்திருந்தால், அது மறுபடி விழித்திருக்கக்கூடும். அறுவடைக் காலத்தில் பாதி றோட்டில் நெல் காயும். அதை விலக்க நீங்கள் கோட்டைத் தாண்டுவீர்கள், கார் நெல்லுக்குள் இழுக்கும். ஏ9இல் கோடு தெரிகிற இடத்தில் மட்டும் அந்த வசதியை வையுங்கள். முறிகண்டியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க ஓரம் கட்டி நிற்கிற பஸ்ஸை, வேகமாக வரும் காரின் தானியங்கிக் குறூஸ் (முன்னால் போகும் வாகனத்துக்கு ஏற்ப வேகத்தைத் தானே வைக்கும் வசதி) கவனிக்காமல் போகலாம். நிற்கிற வாகனத்தைக் காணத் தவறக்கூடும் என்று பல கம்பனிகளின் கையேட்டிலேயே எழுதியிருக்கிறது. மனிதரையும் வாகனத்தையும் அடையாளம் காணப் பழக்கிய பிரேக் வசதி மாட்டுக்கு அடிக்கும் என்று நம்ப வேண்டாம். பரந்தன் – முல்லைத்தீவு வீதியில் இரவில் தார்ச் சூட்டுக்குப் படுத்திருக்கும் கறுத்த மாட்டை நீங்களும் நானுமே கிட்டப் போய்த்தான் காண்கிறோம். பின் லைட் இல்லாத லான்ட்மாஸ்டர் கை உழவு இயந்திரமும் அப்படித்தான். உங்கள் காரில் இருப்பது ‘இரண்டாம் நிலை’ உதவி, அதாவது ஸ்டியரிங்குக்கும் வேகத்துக்கும் கார் கை கொடுக்கும், கவனிப்பது முழுக்க ஓட்டுநர் வேலை. ஓட்டுநர் நீங்கள், பொலிசுக்கும் காப்புறுதிக்கும் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். பென்டிரைவால் மாற்றிய காருக்குக் காப்புறுதிக்காரரிடம் என்ன சொல்வீர்கள் என்று வீட்டுக்காரரிடம் கேட்டுப் பாருங்கள்.

நிறுவுவதற்கு முன்னும் பின்னும் பதிப்பு எண் காட்டும் திரையைப் படம் எடுத்து வையுங்கள். நாளைக்கு உத்தரவாதக் கதை வந்தால் அதுதான் கையில் இருக்கும் சாட்சி. முற்பணம் 10,000 ஏற்கெனவே கைமாறியிருந்தால், அவர் போடப்போகும் மென்பொருளின் பதிப்பு எண்ணையும் கம்பனியின் பெயரையும் பற்றுச்சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். எழுதமாட்டார். அந்த இடத்திலேயே காசைத் திருப்பிக் கேளுங்கள், வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.