மௌனப் பட டிவிடியில் ஆட்கள் ஏன் ஓடுகிறார்கள்?

கேள்வி: 1926-ல் வந்த ‘மிட்நைட் ஃபேசஸ்’ என்ற சிறு பட்ஜெட் அமெரிக்க மர்மப் படத்தின் டிவிடி வாங்கினேன். எல்லோரும் ஓட்டமும் நடையுமாக இருக்கிறார்கள். கதையில் இரவு, திரையில் பட்டப்பகல். பிளேயரில் கோளாறா?

பதில்: பிளேயரைக் குறை சொல்ல வேண்டாம். ஃபிலிமை வீடியோவாக மாற்றும்போது நடந்த பிசகு இது.

மௌனப் படக் காலத்தில் பெரும்பாலும் கேமராவைக் கையால் சுற்றித்தான் படம் எடுத்தார்கள். வேகம் வினாடிக்கு 16 முதல் 24 ஃபிரேம் (ஃபிலிமில் உள்ள தனித்தனிப் படம்) வரை மாறும். 20-ல் எடுத்ததை 24-ல் ஓட்டினால் ஐந்தில் ஒரு பங்கு வேகம் கூடிவிடும்.

இதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். 35 மி.மீ. ஃபிலிமில் ஓர் அடிக்கு 16 ஃபிரேம். படம் 5,000 அடி என்றால் 80,000 ஃபிரேம். 24-ல் ஓட்டினால் ஐம்பத்தைந்தரை நிமிடம், 20-ல் கிட்டத்தட்ட 67, 18-ல் 74. உங்கள் டிஸ்க் 55-ஐ ஒட்டி முடிந்தால் சந்தேகப்படுங்கள். ஆனால் காட்சிகள் வெட்டுப்பட்ட பிரதியும் சீக்கிரம் முடியும். அதனால் கண்ணையும் நம்புங்கள்: மாடிப்படி இறங்குபவரின் கோட்டு நுனி வெடுக்வெடுக்கென்று துள்ளினால் வேகம்தான் காரணம்.

கணினியில் விஎல்சி (VLC) என்ற வீடியோ மென்பொருளில் டிஸ்க்கைப் போட்டு, வேகத்தை 0.83-க்குக் குறையுங்கள், 24 என்பது 20 ஆகிவிடும். இன்னும் துள்ளினால் 0.75. இசை இழுபடும், மியூட் செய்துவிடுங்கள். நிறுத்திப் பார்த்தால் ஒரே கால் இரண்டாகத் தெரிகிறதா? ஃபிரேம்களைக் கலந்து மாற்றியிருக்கிறார்கள். அதற்கு வீட்டில் வைத்தியம் கிடையாது.

பகல் விஷயம் இன்னும் முக்கியம். இரவுக் காட்சிகளையும் வெயிலில் எடுத்துவிட்டு, பிரிண்டுக்கு நீலச் சாயம் ஏற்றுவார்கள். விளக்கு எரியும் அறைக்கு மஞ்சள். கறுப்பு வெள்ளையில் மட்டும் மாற்றினால் அந்த இரவே காணாமல் போகும். யார் எப்போது உள்ளே வந்தார் என்பதுதான் மர்மப் படத்தின் உயிர். சாயம் போனால் துப்பும் போயிற்று. சாயம் சேர்த்த பதிப்பு கிடைத்தால் விலை கூடுதலானாலும் அதையே வாங்குங்கள்.

அமெரிக்க மௌன முழுநீளப் படங்களில் மூல 35 மி.மீ. வடிவில் முழுமையாக மிஞ்சியவை 14 சதவீதம்தான் என்கிறது அமெரிக்க நாடாளுமன்றத்தின் நூலகமான ‘லைப்ரரி ஆஃப் காங்கிரஸ்’ வெளியிட்ட 2013 அறிக்கை. பல படங்களுக்கு வீட்டுத் திரையிடலுக்கான 16 மி.மீ. பிரதிதான் கதி. அதில் கடிதம், தந்தி காட்டும் துண்டுகள் சில ஃபிரேம்களாகச் சுருங்கியிருக்கலாம். கண்ணிமைக்குமுன் ஏதாவது மின்னி மறைந்தால், பின்னால் போய் விஎல்சியில் ஆங்கில ‘E’ விசையைத் தட்டித் தட்டி ஒவ்வொரு ஃபிரேமாகப் படியுங்கள். கொலையாளியின் பெயர்கூட அங்கே இருக்கலாம்!

அடுத்த முறை வாங்கும்போது பிரதி 35-ஆ 16-ஆ, ஓடும் நேரம் எவ்வளவு, இசை இந்தப் படத்துக்கென்றே அமைத்ததா என்று கேளுங்கள். டிஸ்க்கின் அடிப்பக்கம் ஊதாவாக இருந்தால் அது கணினியில் எரித்த டிவிடி-ஆர். வெயில் படாமல் வையுங்கள், முதல் வாரமே ஹார்ட் டிஸ்க்கில் ஒரு நகல் எடுத்துவிடுங்கள்.